கேட்டுக்கு இந்தப் பக்கம் – 14: மேலிடத்து உத்தரவு

போன வாரம் நாம் விட்ட இடத்தில் மேலிடத்தாரின் கை தொலைபேசியின் மேல் இருந்தது. எடுப்பாரா மாட்டாரா என்று கேட்டு உங்களில் பலர் எழுதியிருந்தீர்கள். எடுத்தார். எடுத்துப் பேசியும் முடித்துவிட்டார். அவரைத் தடுக்க நம்மால் முடியுமா, அவர் மனைவியாலேயே முடியாதபோது?

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஊருக்குத் தேர்தலே இல்லாதிருந்த காலத்தில், ஊரை நிர்வகிக்கத் தலைநகரிலிருந்து நியமிக்கப்பட்ட தனி அலுவலர் அவர். யார் எதைக் கேட்டாலும் "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்" என்பார். தெருமுனை விளக்கில் பல்பு மாற்றுவதற்குக்கூட மேலே எழுதித்தான் ஆகவேண்டும். அப்படி ஒரு பல்புக்கு உத்தரவு வந்து சேர்வதற்குள் கம்பமே துருப்பிடித்துச் சாய்ந்துவிட்டது. ஊர் அவருக்கு "மேலிடம்" என்று பெயர் வைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் பெயர் ஓய்வு பெறவில்லை.

இப்போது சட்டம் மாறிவிட்டது. குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, பிரசவ நிலையம் எல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றத்தின் கைக்கு வந்துவிட்டன. அந்த மன்றத்தில் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் ஒருத்தி அவருடைய மருமகள். வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவள்.

அவள் ஏன் தேர்தலில் நின்றாள் என்பது உங்களுக்குத் தெரியும். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் பெண்கள் பிரசவத்துக்கு அந்தப் பக்கம் போயாக வேண்டும். கடைக்கு ரவிக்கை வாங்க வந்த வாடிக்கையாளர் ஒருத்திக்கு வலி கண்டு, இவளே ஆட்டோவில் அழைத்துக்கொண்டு ஓடினாள். கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் குறுக்கே நின்றுவிட்டது. குழந்தை ஆட்டோவிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அதே வருஷம் அதே கேட்டில் மாட்டிக்கொண்ட வேறொருத்தி பிழைக்கவில்லை.

ஊருக்குப் புதிதாக ஒரே ஒரு பிரசவ நிலையம்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதை எங்கே கட்டுவது என்பதை மன்றம் தீர்மானிக்க வேண்டும். கேட்டுக்கு இந்தப் பக்கம் என்பவர்கள், மருமகளையும் சேர்த்து நாலு பேர். அந்தப் பக்கம் சந்தைக்கு அருகில் என்பவர்கள், தலைவரையும் சேர்த்து நாலு பேர். நடுவில் மதில்மேல் பூனையாக ஆற்றங்கரை வார்டின் உறுப்பினர், சோடாக்கடைக்காரர்.

வாக்கெடுப்பு இன்றைக்கு.

காலையில் மேலிடத்தார் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே ஏதோ பாட்டை முணுமுணுத்தார். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இந்த மனிதர் பாடினால் யாருக்கோ இடமாற்றம் என்று அர்த்தம். பழைய அனுபவம்.

"என்னங்க, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கிளம்பறீங்க?"

"மருமக முதல் தீர்மானம் கொண்டு வர்றா. பார்க்கப் போக வேண்டாமா?"

"தேர்தல்ல நிக்கப் போறேன்னு அவ சொன்னப்ப மூணு வேளை சாப்பிடாம இருந்தவரு நீங்கதானே?"

"ரெண்டு வேளை," என்று திருத்தினார். "ராத்திரி நீ தட்டை வெச்சிட்டுப் போயிட்டே. சாப்பிட்டுட்டேன்."

முன்னறையில் தையல் இயந்திரம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. மருமகள் ஒரு பள்ளிச் சீருடைக்குக் கழுத்துப்பட்டி வைத்துக்கொண்டே வாய்க்குள் பேசிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் பேச வேண்டியதை ஒத்திகை பார்க்கிறாள். மேசையில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அவள் கணவன், நீண்ட தூர லாரி ஓட்டுபவன், அடுத்த வாரம்தான் ஊர் திரும்புவான். இருந்திருந்தால் டீயையாவது குடிக்க வைத்திருப்பான்.

மேலிடத்தார் கதவருகே வந்து நின்றார்.

"என்னம்மா, எப்படி இருக்கு நிலவரம்?"

"சோடாக்கடைக்காரர்கிட்ட நேத்தும் போனேன் மாமா. தூரத்துலேர்ந்து வர்ற பொம்பளைங்க முன்னாடி நாளே வந்து தங்கறதுக்கு ஓர் அறை வேணும்னு கேட்டிருந்தார். திட்டத்துல சேர்த்துட்டேன்னு சொன்னேன். 'யோசிக்கிறேன்'னார். யோசிக்கிறேன்னா பாதி சரிதானே?"

பணியில் இருந்த காலமெல்லாம் "யோசிக்கிறேன்" என்று சொல்லி எத்தனை பேரைக் கைகழுவியிருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் அவருக்குப் பாவமாக இருந்தது. தினமும் வேலையெல்லாம் முடித்துவிட்டு, கேட்டைத் தாண்டி ஆற்றங்கரை வரை நடந்து போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு துடித்தது. வேண்டாம். கூட்டத்திலேயே தெரிந்து அசந்து போகட்டும்.

"எல்லாம் தானா நடக்கும், நீ டீயைக் குடி," என்றார்.

நடந்தது இதுதான். ஒரு காலத்தில் இவரிடம் பயிற்சிக்கு வந்து, கோப்பில் குறிப்பு எழுதக் கற்றுக்கொண்டவர் இப்போது தலைநகரில் பெரிய நாற்காலியில் இருக்கிறார். போன வாரம் அவரிடம்தான் பேசினார்.

"அய்யா, அதெல்லாம் இப்ப மன்றத்துக்கே விட்டாச்சே," என்று அவர் இழுத்தார்.

"விட்டாச்சு. சட்டத்துல எங்கேயாவது, 'அவசியமானால் அரசு வழிகாட்டலாம்'னு ஒரு வரி இருக்குமே?"

"இருக்குங்க அய்யா."

"அப்போ கொஞ்சம் வழிகாட்டேன்பா."

காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்தது. ஓர் ஓட்டுக்காகப் பெண் பிள்ளை இப்படித் தெருத் தெருவாக அலைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. பாசத்தில் செய்தார். அதில் சந்தேகமே வேண்டாம்.

நகர மன்றக் கட்டடத்தின் ஒவ்வொரு ஜன்னலும் அவருக்குத் தெரியும். கூட்ட மண்டபத்தில்தான் அவர் மாதா மாதம் மன்றக் கூட்டம் நடத்துவார், தன்னந்தனியாக. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத ஊரில் மன்றத்தின் அதிகாரம் முழுக்கத் தனி அலுவலருக்குத்தான். அதனால் அலுவலராக ஒரு தீர்மானத்தை முன்மொழிவார், மன்றமாக அதைப் பரிசீலிப்பார், பிறகு நிறைவேற்றுவார். விளையாட்டில்லை, சட்டப்படி அப்படித்தான். ஒரு தடவை தான் கொண்டுவந்த தீர்மானத்தில் தானே குறை கண்டுபிடித்துத் தள்ளுபடியும் செய்தார். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம், "இன்னிக்கு மன்றத்துல பலத்த எதிர்ப்பு," என்று சொன்னாராம்.

அவர் உட்கார்ந்த மேடையை இப்போது இடித்துவிட்டார்கள். ஒன்பது மேசைகளை அரைவட்டமாகப் போட்டிருந்தார்கள். யார் பெரியவர், யார் சின்னவர் என்றே தெரியாத இப்படியொரு ஏற்பாட்டை அவர் அரசாங்கத்தில் பார்த்ததில்லை. பழக்கதோஷத்தில் நேராக முன்னால் நடந்தார்.

பழைய பியூன் ஓடிவந்து சட்டைக் கையைத் தொட்டார். "அய்யா, பார்வையாளருக்கு அந்தப் பெஞ்சுங்க."

பெஞ்சில் மருமகளின் வார்டுப் பெண்கள் ஏற்கெனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டோவில் பிள்ளை பெற்றவளும் இருந்தாள். அந்தப் பிள்ளை இப்போது பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அவருக்கு இடம் விட்டார்கள். அவர் உட்கார்ந்ததும் பெஞ்சு கிறீச்சிட்டது.

தலைவர் வந்தார். பாத்திரக்கடைக்காரர். நாள் முழுக்கத் தட்டுமுட்டுச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர், ஆதலால் ஒலிபெருக்கி வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்.

"முதல் பொருள், பிரசவ நிலையத்துக்கு இடம். அதுக்கு முன்னாடி ஒண்ணு. காலையில தலைநகர்லேர்ந்து வந்திருக்கு. படிச்சிடறேன்."

படித்தார். அரசின் வழிகாட்டுதலின்படி, மேற்படி பிரசவ நிலையம் ரயில்வே கேட்டுக்குக் கிழக்கே, காலியாக உள்ள பழைய கிடங்கு இடத்தில் அமைக்கப்பட வேண்டும். மன்றம் உடனே ஆவன செய்ய வேண்டும். கிழக்கே என்றால் கேட்டுக்கு இந்தப் பக்கம். அவ்வளவுதான்.

பார்வையாளர் பெஞ்சு மொத்தமும் எழுந்தது. பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைக் கட்டிக்கொண்டாள்.

"அய்யா, உங்க மருமக சாதிச்சுட்டா!"

மேலிடத்தார் வாயெல்லாம் பல்லாக நின்றார். தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த காகிதத்தை மெல்ல மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் எழுதி எழுதித் திருத்திய பேச்சு அது.

சோடாக்கடைக்காரர் எழுந்தார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். அன்று புதுச் சட்டை போட்டிருந்தார்.

"தலைவரே, ஒரு சந்தேகம். அப்ப நாங்க எதுக்கு வந்தோம்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்," என்றார் தலைவர்.

"ராத்திரியெல்லாம் யோசிச்சு, இந்தம்மாவுக்குத்தான் கை தூக்கறதுன்னு முடிவு பண்ணிட்டு வந்தேன். இனிமே நான் தூக்கினா என்ன, தொங்கப் போட்டா என்ன?"

மேலிடத்தாரின் சிரிப்பு அப்படியே நின்றது. அந்த மனிதர் இவள் பக்கம் வந்துவிட்டிருந்தார். அஞ்சுக்கு நாலு. ஒரு தொலைபேசியும் இல்லாமல், தலைநகரின் நிழல்கூடப் படாமல், அவள் ஜெயித்துவிட்டிருந்தாள்.

"நமக்கு எதுக்குங்க ஓட்டு?" என்றார் சந்தைப் பக்கத்து உறுப்பினர் ஒருவர். "மேலிடத்தையே வீட்டுல வெச்சிருக்காங்க!"

மண்டபமே திரும்பிப் பெஞ்சைப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். மருமகளும் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். கோபப்பட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அவள் வருத்தப்பட்டாள். அது அவருக்குத் தெரிந்தது, தாங்க முடியவில்லை.

அவள் எழுந்து நின்றாள். மடித்த காகிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டாள்.

"இந்த உத்தரவை நான் கேட்கல. ஆனா என் வீட்டுலேர்ந்துதான் கேட்டிருக்காங்க. அதை மறைக்க நான் விரும்பல."

மற்ற எட்டுப் பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இடம் நான் கேட்ட இடம்தான். சந்தோஷமா வாங்கி வெச்சுக்கலாம். ஆனா அடுத்த மாசம் இதே மாதிரி ஒண்ணு வந்து, உங்க தெருக் குழாயை எடுத்துடுன்னு சொன்னா, அன்னிக்கு நான் எந்த வாயால வேண்டாம்னு சொல்றது? இதைத் திருப்பி அனுப்பணும்னு நானே முன்மொழியறேன்."

பெஞ்சில் இருந்த ஆட்டோக்காரி (அவள் ஆட்டோ ஓட்டுவதில்லை, ஆட்டோவில் பெற்றதால் ஊர் வைத்த பெயர்) பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டாள்.

"என்னம்மா இது! கைக்கு வந்ததை யாராவது திருப்பிக் கொடுப்பாங்களா? உனக்கென்ன பைத்தியமா?"

"பார்வையாளர் பேசக் கூடாது," என்றார் தலைவர்.

"நான் பார்வையாளர் இல்லீங்க, இவளுக்கு ஓட்டுப் போட்டவ!"

மருமகள் அவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்களுக்கு அந்தக் கட்டடம் வேணும். எனக்கும் வேணும். ஒரு உத்தரவுல வந்தது இன்னொரு உத்தரவுல போயிடும். நாம கை தூக்கிக் கட்டினோம்னா, அதை எடுக்கிறவங்க நம்மகிட்டதான் வந்து நிக்கணும்."

"அப்ப கேட்ல மாட்டிக்கிட்டா?"

மருமகள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தலைவரைப் பார்த்து, "வாக்கெடுப்பு வெச்சிடுங்க," என்றாள்.

சந்தைப் பக்கத்து நாலு கைகள் உடனே எழுந்தன. அவர்களுக்கு அது கரும்பு தின்னக் கூலி. மருமகளின் கை எழுந்தது. அவளைப் பார்த்துத் தயங்கித் தயங்கி அவளோடு இருந்த மூன்று பேரின் கைகளும் எழுந்தன. கடைசியில் சோடாக்கடைக்காரர். ஒன்பது பேரும் சேர்ந்து தலைநகருக்கு வேண்டாம் என்று சொன்னார்கள். அந்த ஊரில் அப்படியொன்று நடந்ததே இல்லை. தலைவருக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. இப்ப இடத்துக்கு ஓட்டு."

சோடாக்கடைக்காரர் மறுபடி எழுந்தார். "எனக்கு ஒரு வாரம் வேணும்."

"என்னங்க, முடிவு பண்ணிட்டேன்னீங்களே?"

"பண்ணியிருந்தேன். இப்ப மனசு சரியில்ல."

அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். மருமகள் உட்கார்ந்துவிட்டாள். பார்வையாளர் பெஞ்சில் மேலிடத்தாருக்கு இரண்டு பக்கமும் நிறைய இடம் காலியாகியிருந்தது.

மத்தியானம் வீட்டில் தையல் இயந்திரம் நிற்காமல் ஓடியது. மாமியார் சாப்பிடக் கூப்பிட்டும் அவள் வரவில்லை. மேலிடத்தார் இரண்டு முறை முன்னறை வரை போய்த் திரும்பிவிட்டு, மூன்றாவது முறை உள்ளே போனார்.

"அம்மா..."

இயந்திரம் நின்றது. அவள் தலை நிமிரவில்லை.

"ஒண்ணு கேட்கவா மாமா? நான் தோத்துடுவேன்னு நினைச்சீங்களா?"

"ஒரு ஓட்டு குறைஞ்சுதேம்மா," என்றார்.

"குறையல. அவர் வந்துட்டார்."

"அது எனக்குத் தெரியாதே."

"எனக்கும் தெரியாது. அதுக்குத்தானே மாமா ஓட்டு?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். அவருக்குக் கை பரபரத்தது. ஏதாவது செய்தாக வேண்டும்.

"நான் வேணும்னா மறுபடியும் போன் பண்ணி, அந்த உத்தரவே தப்பா வந்துடுச்சுன்னு ஒரு உத்தரவு..."

"மாமா!"

சமையலறையிலிருந்து மனைவி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தபடி வந்தாள்.

"என்னங்க, இந்த ஊர்ல இத்தனை வருஷம் இருக்கோம். யார் வீட்டு வாசலுக்காவது நீங்களா போய், எனக்கு இது வேணும்னு கேட்டிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தார். ஊர்தான் அவரிடம் வந்து கேட்கும். அவர் மேலே கேட்பார். பக்கவாட்டில் கேட்டுப் பழக்கமில்லை.

"இல்ல," என்றார்.

"இவ தினம் கேட்டுக்கிட்டு அலையறா. அது உங்களுக்குக் கேவலமாப் பட்டுது. அதான் போனை எடுத்துட்டீங்க."

மருமகள் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். மேலிடத்தாருக்குச் சுருக்கென்றது. மனைவி சொன்னது அப்பட்டமான உண்மை. பாசம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கூடவே கொஞ்சம் வெட்கமும் இருந்திருக்கிறது, என் வீட்டுப் பெண் ஒரு சோடாக்கடை வாசலில் நிற்பதா என்று.

அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். அப்போது உள்ளே தொலைபேசி மணி அடித்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"தலைநகர் நம்பர் மாதிரி இருக்கு. உத்தரவைத் திருப்பி அனுப்பினது அதுக்குள்ள தெரிஞ்சிருக்கும்போல. என்ன சொல்ல?"

"நான் வீட்டுல இல்லைன்னு சொல்லு."

"அப்பாடா," என்றாள் அவள். "இத்தனை வருஷமா உள்ளே உக்காந்துகிட்டே சொல்லச் சொல்லுவீங்க. இன்னிக்குத்தான் வெளியே போயிட்டுச் சொல்லச் சொல்றீங்க."

மருமகளின் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்து போனது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் தெருவில் இறங்கினார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. பணியில் இருந்தபோது ஜீப் வருவதைப் பார்த்தாலே கேட்காரர் கொஞ்சம் பொறுத்துத்தான் மூடுவார். இன்று ஒரு காய்கறி வண்டிக்கும் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்கும் நடுவில் அவர் நின்றார். சரக்கு ரயில் வந்தது, பாதியில் நின்றது. யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. காய்கறிக்காரர் பீடியைப் பற்றவைத்தார். நிற்பது அவர்களுக்குப் பழகியிருந்தது. வலியோடு ஒருத்தி இங்கே நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார்.

சோடாக்கடை ஆற்றங்கரைத் தெருவின் முனையில் இருந்தது. கடைக்கார உறுப்பினர் புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பழைய சட்டையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். கடைக்கு எதிரே தெருக்குழாயில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கய்யா. எலுமிச்சையா, சாதாவா?"

"சோடா அப்புறம். ஒண்ணு சொல்லணும்." மேலிடத்தார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அந்த உத்தரவை வாங்கினது நான். அவளுக்குத் தெரியாது."

"அந்தம்மா முகத்தைப் பார்த்தப்பவே தெரிஞ்சுதுங்க."

"அப்புறம் ஏன் ஒரு வாரம் கேட்டீங்க?"

சோடாக்கடைக்காரர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தார். "இந்தத் தடவை நாமளே முடிவு பண்ணப் போறோம்னு இந்தத் தெரு பூராவும் சொல்லிட்டு வந்தேன். கை தூக்கறதுக்குன்னே சட்டை தைச்சேன், உங்க மருமகதான் தைச்சுக் கொடுத்தாங்க. நீங்க என்னடான்னா ஒரு போன்ல முடிச்சிட்டீங்க. வீட்டுல போய் என்ன சொல்றது? என் சம்சாரம் இன்னும் சிரிச்சிட்டிருக்கா."

மேலிடத்தாருக்குக் கூச்சமாக இருந்தது. "தப்புதான்," என்றார். அந்தச் சொல்லை வெளியே சொல்லிப் பழக்கமில்லாததால் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. குழாயடிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரர் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க. பரவாயில்ல."

உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பழைய தைரியம் வந்துவிட்டது. "அப்போ அடுத்த வாரம் நீங்க அவளுக்கு ஓட்டுப் போடணும்."

"அய்யா," என்றார் கடைக்காரர் பொறுமையாக, "அந்தம்மா இங்கே எத்தனையோ தடவை வந்திருக்காங்க. இதே ஸ்டூல்தான். ஒரு தடவைகூட ஓட்டுன்னு வாயைத் திறந்ததில்ல. உங்க பக்கத்துக்கு என்ன வேணும்னுதான் கேட்டாங்க. தங்கறதுக்கு அறை வேணும்னேன். நீங்க வந்ததும் 'போடணும்'ங்கறீங்க."

மேலிடத்தார் தெருப் பக்கம் திரும்பினார். எதிரே குழாயில் தண்ணீர் நூலாக வடிந்தது. ஒரு குடம் நிறைவதற்குள் இன்னொரு ரயில் போய்விடும் போலிருந்தது. அவர் காலத்தில் போட்ட குழாய்தான். எங்கே போட வேண்டும் என்று அன்று மன்றக் கூட்டத்தில் அவரே அவரைக் கேட்டு அவரே முடிவு செய்தார்.

"சரி," என்றார். "நானும் கேட்கறேன். உங்க பக்கத்துக்கு என்ன வேணும்?"

"அதான் சொன்னேனே, தங்கறதுக்கு ஓர் அறை."

"அறை யாரு கேட்டா?"

குழாயடியிலிருந்துதான் குரல் வந்தது. ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நிறைமாதம். குடத்தை வயிற்றுக்கு இடம் விட்டுப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"முன்னாடி நாளே போய்த் தங்கணுமாம். வீட்டுல இருக்கற ரெண்டையும் யாரு பார்ப்பா? அதை எங்களை யாராவது கேட்டீங்களா?"

சோடாக்கடைக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. மருமகள் அவரைக் கேட்டாள். அவர் தெருவைக் கேட்கவில்லை. அது இதுவரை அவருக்கே தோன்றியிருக்கவில்லை.

"அப்ப எங்கே வேணும்னு சொல்லேன்," என்றார் அவர். "கேட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"ரெண்டு பக்கமும் வேண்டாம்," என்றாள் அவள்.

தெருவில் மற்ற பெண்களும் குடத்தை விட்டுவிட்டு நெருங்கி வந்தார்கள். அவர்களுக்கு அவள் சொல்லப்போவது தெரியும் போலிருந்தது. மேலிடத்தாருக்கு ஒன்றும் தெரியவில்லை. மருமகளுக்கும் தெரியாது. இதைக் கேட்ட பிறகு அவளுடைய நாலு ஓட்டு நாலாகவே நிற்குமா, கேட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அவள் என்ன பதில் சொல்வாள் என்று அவருக்குக் கவலையாக இருந்தது. எழுந்து போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. யாரும் அவரைப் பிடித்து வைத்திருக்கவில்லை.

அவர் எழுந்தார். குடத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உக்காந்து சொல்லும்மா," என்றார். "நான் நிக்கறேன்."